முதுகுவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி? சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஸ்கேன் சென்டரில் பெரிய கவரைக் கையில் கொடுத்ததும் நாம் எல்லோரும் செய்கிற வேலை ஒன்றுதான். கடைசிப் பக்கத்தில் ‘இம்ப்ரெஷன்’ என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு, வீடு போய்ச் சேருவதற்குள் ஒவ்வொரு சொல்லாகக் கூகுளில் தட்டிப் பார்ப்பது. டிஜெனரேஷன், கம்ப்ரெஷன், ஹெர்னியேஷன், டியர் என்று எதைப் பார்த்தாலும் உள்ளே ஏதோ விபத்து நடந்துவிட்ட மாதிரி இருக்கும். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே “எனக்கு ரெண்டு ஜவ்வு போயிடுச்சாம்” என்று சொந்தபந்தம் முழுக்கச் செய்தி பரவிவிடும்.

மூன்று மாதத்துக்கும் மேலாகக் கீழ்முதுகில் வலி இருந்து, ஸ்கேன் எடுத்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியது உங்கள் உடம்பு காட்டும் அறிகுறிகள், ஸ்கேன் அதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். ரிப்போர்ட் பயங்கரமாக இருக்கிறதே என்று ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதும் தப்பு. ரிப்போர்ட் நார்மல், ஆகவே வலி மனப்பிரமை என்று சொல்வதும் தப்பு. இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் நல்ல கேள்விகள் கேளுங்கள், டாக்டரையே விட்டுவிடாதீர்கள்.

முதல் படி: கவரைப் பிரிக்காமல் ஒரு தாளை எடுங்கள்

ரிப்போர்ட்டைப் படித்த பிறகு எழுதினால், ரிப்போர்ட்டில் இருப்பதற்கேற்ப வலியும் இடம் மாறிவிடும். அதனால் முன்பே எழுதுங்கள்.

வலி முதுகில் அதிகமா, காலில் அதிகமா? இந்த ஒரு கேள்விக்கான விடை, ரிப்போர்ட்டில் உள்ள பாதி வரிகளைவிட முக்கியம். இடுப்போடு நிற்கும் வலி ஒரு ரகம். புட்டத்தில் தொடங்கி முழங்காலைத் தாண்டி, மின்சாரம் பாய்வதுபோல் பாதம் வரை சுண்டி இழுக்கும் வலி வேறு ரகம். சயாட்டிகா என்று சொல்வது இதைத்தான். இரண்டுக்கும் சிகிச்சையும் வேறு, பலன் கிடைக்கும் வாய்ப்பும் வேறு.

காலில் என்றால் எந்தக் கால், எந்தப் பக்கம்? மரத்துப்போகும் இடம் கட்டைவிரலா, சுண்டுவிரலா, முழங்காலுக்குக் கீழே உள்பக்கமா? உட்கார்ந்தால் கூடுகிறதா, நடந்தால் கூடுகிறதா? இருமினால், தும்மினால் காலுக்கு இறங்குகிறதா? காலையில் எழுந்ததும் இடுப்பு விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது?

அடுத்து வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை. பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்துக்கொண்டு நுனிக்காலால் பத்தடி நடங்கள், பிறகு குதிகாலால் பத்தடி நடங்கள். குதிகாலில் நிற்கும்போது ஒரு பாதம் மட்டும் தூக்க முடியாமல் தொங்கினால் எல்5 நரம்பு வேர் பலவீனமாகியிருக்கலாம் (எல் என்பது கீழ்முதுகு எலும்புகள், எஸ் என்பது அதற்குக் கீழே உள்ள சாக்ரம் எலும்பு, எண் மேலிருந்து வரிசை). நுனிக்காலில் ஒரு பக்கம் எழும்ப முடியாவிட்டால் எஸ்1. எது வந்தாலும் அந்தத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வலி வேறு, பலவீனம் வேறு. வலிக்குக் காத்திருக்கலாம், நாளுக்கு நாள் கூடுகிற பலவீனத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது படி: அவசரமா இல்லையா

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் மீதியைப் பிறகு படிக்கலாம்.

• சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே வெளியேறுவது. மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழப்பது. சைக்கிள் சீட்டில் உட்காரும் பகுதி மரத்துப்போவது. இரண்டு காலும் சேர்ந்து பலம் இழப்பது. காடா ஈக்வைனா என்னும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள் இவை. நாள் கணக்கில் அல்ல, மணிக் கணக்கில் பார்க்க வேண்டிய விஷயம். நாளைக்கு ஓ.பி.க்குப் போகலாம் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, அவசர ஆபரேஷன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.
• சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, காரணமில்லாமல் எடை குறைவது.
• முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்திருப்பது.
• கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி. வயதானவர்களுக்கும், நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களுக்கும் சறுக்கி உட்கார்ந்த சின்ன விழுதலே போதும்.
• படுத்தாலும் குறையாத, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி.

இரண்டாவது வரியை நம் ஊரில் லேசாக விடக் கூடாது. உலகிலேயே காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு இந்தியா. எலும்பில் வரும் காசநோய் அதிகம் பிடிக்கும் இடம் முதுகெலும்பு. நுரையீரலில் ஒன்றும் இல்லாமலும், இருமலே இல்லாமலும் வரும். மாதக்கணக்கில் சாதாரண முதுகுவலி என்று வலி மாத்திரையில் ஓட்டி, கடைசியில் கால் இழுக்க ஆரம்பித்த பிறகு கண்டுபிடிக்கப்படுவது இன்றும் நடக்கிறது. ரிப்போர்ட்டில் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளில் மேரோ எடீமா, நடுவில் உள்ள டிஸ்க் (ஜவ்வு) அரிப்பு, பாராவெர்டிப்ரல் அல்லது சோவாஸ் ஆப்செஸ், ஸ்பாண்டிலோடிஸ்கைட்டிஸ் என்ற சொற்கள் சேர்ந்து வந்தால் அது தேய்மானம் அல்ல, கிருமித் தொற்று. பெரும்பாலும் ஊசி வழியாகச் சதை எடுத்து பயாப்ஸி செய்து உறுதிப்படுத்துவார்கள். மருந்து ஓராண்டோ அதற்கு மேலோ தொடரும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். நேரத்தில் பிடித்தால் பெரும்பாலோர் ஆபரேஷன் இல்லாமலே தேறிவிடுகிறார்கள்.

மூன்றாவது படி: இப்போது ரிப்போர்ட்

முதலில் பெயர், வயது, தேதியைச் சரிபாருங்கள். சிரிக்காதீர்கள், கவர் மாறுவது உண்டு.

படம் எப்படி எடுக்கப்படுகிறது என்று இரண்டு வரி தெரிந்தால் போதும். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது, காந்தப்புலம்தான். டி2 என்ற வகைப் படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும். ஆகவே நீர்ச்சத்துள்ள டிஸ்க் நடுவில் வெளுப்பாகவும், வறண்ட டிஸ்க் கறுப்பாகவும் இருக்கும். டி1, ஸ்டிர் என்ற மற்ற வகைகள் கொழுப்பையும் வீக்கத்தையும் பிரித்துக் காட்ட. தொற்று, கட்டி என்ற சந்தேகம் இருந்தால் கடோலினியம் என்னும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் ஏற்றி எடுப்பார்கள். சாதாரண முதுகுவலிக்கு அது தேவையில்லை.

நாற்பதுகளில் உள்ள ஒருவருக்கு வரும் ரிப்போர்ட் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இதை நான் மாதிரிக்காக எழுதியிருக்கிறேன்:

“லாஸ் ஆஃப் லம்பார் லார்டோசிஸ். மல்டிலெவல் டிஸ்க் டெசிக்கேஷன். எல்4–எல்5: டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ் வித் லெஃப்ட் பாராசென்ட்ரல் புரோட்ரூஷன், இன்டென்டிங் தீக்கல் சாக், அபட்டிங் லெஃப்ட் டிராவர்சிங் எல்5 நெர்வ் ரூட். மைல்ட் பைலேட்டரல் ஃபொராமினல் நேரோயிங். ஃபேசெட் ஆர்த்ரோபதி. லிகமென்டம் ஃபிளேவம் ஹைப்பர்ட்ரஃபி. எல்5–எஸ்1: ஆனுலர் ஃபிஷர். எல்2 ஹீமாஞ்சியோமா. கோனஸ் நார்மல்.”

பதினொரு சமாச்சாரம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது எத்தனை என்று பார்க்கலாம்.

லார்டோசிஸ் என்பது கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு. வலியில் தசை இறுகினாலோ, மேஜையில் படுத்திருக்கும் விதத்தாலோ அது நேராகித் தெரியும். நோய் அல்ல. டெசிக்கேஷன் என்றால் டிஸ்க்கில் ஈரம் குறைந்திருக்கிறது. ‘எலும்பு தேய்மானம்’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான், எலும்பு தேய்ந்து காணாமல் போவது அல்ல. ஃபேசெட் என்பது முள்ளெலும்புகளைப் பின்னால் இணைக்கும் சின்ன மூட்டுகள். லிகமென்டம் ஃபிளேவம் என்பது முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கும் கால்வாயின் பின்சுவரில் ஓடும் தசைநார். இரண்டும் வயதோடு தடிக்கும். ஹீமாஞ்சியோமா என்பது எலும்புக்குள் இருக்கும் தீங்கற்ற ரத்தக்குழாய் முடிச்சு. பத்தில் ஒருவருக்கு இருக்கும். ‘கட்டி’ என்ற சொல்லைக் கேட்டு ஆடிப்போக வேண்டாம். கோனஸ் என்பது தண்டுவடத்தின் கீழ்முனை. அது நார்மல் என்பது நல்ல செய்தி. தண்டுவடம் எல்1, எல்2 அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தொங்குவது நரம்பு வேர்கள்தான். எனவே எல்4–எல்5 டிஸ்க் ‘தண்டுவடத்தையே நசுக்குகிறது’ என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

மீதி இருப்பது டிஸ்க்கின் வடிவம். டிஸ்க்கைப் பூரணக் கொழுக்கட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியே நார் அடுக்குகளால் ஆன கெட்டித் தோல், உள்ளே மெத்தென்ற கூழ். டிஸ்க் முழுவதுமாகக் கொஞ்சம் புடைத்தால் பல்ஜ். ஒரு பக்கம் மட்டும் பிதுங்கி, பிதுங்கலின் அடிப்பாகம் அகலமாக இருந்தால் புரோட்ரூஷன். தோல் கிழிந்து பூரணம் குறுகிய கழுத்து வழியே வெளியே வந்தால் எக்ஸ்ட்ரூஷன். வந்த துண்டு பிரிந்தே போனால் சீக்வெஸ்ட்ரேஷன். தோலில் உள்ள விரிசல் மட்டும் ஆனுலர் ஃபிஷர். சிலர் இதையே ஆனுலர் டியர் என்று எழுதுவார்கள். எதுவாயினும் டிஸ்க் ‘நழுவுவது’ இல்லை. அது மேலும் கீழும் உள்ள எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. ஆகவே நீவியோ, மிதித்தோ, கட்டுப் போட்டோ அதைப் ‘பழைய இடத்துக்குத் தள்ளி வைக்க’ முடியாது.

இதில் பலருக்கும் வியப்பாக இருக்கும் தகவல் ஒன்று உண்டு. பெரிதாக வெளியே வந்த டிஸ்க்தான் தானாக அதிகம் சுருங்கும். வெளியே வந்த துண்டை உடம்பு அந்நியப் பொருளாகக் கண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், ஆபரேஷன் இல்லாமலே சுருங்கியவை சீக்வெஸ்ட்ரேஷனில் 96 சதவீதம், எக்ஸ்ட்ரூஷனில் 70, புரோட்ரூஷனில் 41, வெறும் பல்ஜில் 13. ரிப்போர்ட்டில் பெயர் எவ்வளவு பயங்கரமோ, தானாகச் சுருங்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.

இனி அளவுச் சொற்கள். அபட்டிங் என்றால் நரம்பைத் தொடுகிறது; டிஸ்ப்ளேசிங் என்றால் தள்ளுகிறது; கம்ப்ரெசிங் என்றால் நசுக்குகிறது. தொடுவதும் நசுக்குவதும் ஒன்றல்ல. தீக்கல் சாக் இன்டென்டேஷன் என்பது நரம்புகளைச் சுற்றியுள்ள உறையில் ஒரு சின்னக் குழிவு. மைல்ட், மாடரேட், சிவியர் என்பதில் மைல்ட் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் தராது. கால்வாயின் முன்பின் அளவை மில்லிமீட்டரில் தந்திருந்தால், பொதுவாக 10-க்குக் கீழே குறைந்தால்தான் கடுமையான சுருக்கம் என்பார்கள். அதையும் எண்ணாகப் பார்க்கக் கூடாது. 9 மில்லிமீட்டரோடு வயல்வேலை செய்கிறவர்களும் உண்டு.

மேலே உள்ள மாதிரியில் இல்லாத, ஆனால் அடிக்கடி வரும் மூன்று சொற்கள். மோடிக் மாற்றங்கள்: டிஸ்க்கை ஒட்டிய எலும்பில் ஏற்படும் மாற்றம். டைப் 1 என்பது வீக்கம். முதுகுவலியோடு ஓரளவு தொடர்பு உண்டு. டைப் 2 கொழுப்பு, டைப் 3 இறுகிய எலும்பு. டைப் 1-உம் தொற்றும் படத்தில் சில சமயம் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், காய்ச்சல் இருந்தால் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுவது நல்லது. ஸ்பாண்டிலோலிஸ்தெஸிஸ்: ஒரு முள்ளெலும்பு கீழே உள்ளதன் மேல் முன்னால் நகர்ந்திருப்பது. கால் பங்குக்குள் என்றால் கிரேடு 1, பாதிக்குள் என்றால் கிரேடு 2, இப்படிப் போகும். நகர்வது உண்மையில் இதுதான், டிஸ்க் அல்ல. கிரேடு 1 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. சாக்ரலைசேஷன்: கடைசி இடுப்பு எலும்பு கீழே உள்ள சாக்ரத்தோடு ஒட்டிப் பிறந்திருப்பது. இதனால் வலி வருவது குறைவு. ஆனால் எலும்புகளை எண்ணும்போது எல்4, எல்5 மாறிப்போகும். ஊசியோ ஆபரேஷனோ என்றால் எந்த எலும்பு என்று டாக்டர் இரண்டு முறை எண்ணியாக வேண்டும்.

வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்

2015-இல் அமெரிக்க நரம்புக் கதிரியக்க இதழ் ஒன்றில் வந்த தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 50 வயதினரில் 80 சதவீதம். 80 வயதினரில் 96 சதவீதம். பல்ஜ் 20 வயதில் 30 சதவீதம், 50 வயதில் 60. ஐம்பது வயதுக்காரருக்கு ‘மல்டிலெவல் டிஜெனரேஷன்’ என்று எழுதியிருந்தால், அவருக்கு ஐம்பது வயதாகிறது என்பதுதான் அதில் உள்ள தகவல்.

இன்னொன்று. அமெரிக்காவில் இடுப்பு வலியும் கால் வலியும் உள்ள 63 வயதுப் பெண் ஒருவரை மூன்று வாரத்துக்குள் பத்து வெவ்வேறு சென்டர்களில் எம்.ஆர்.ஐ. எடுக்க வைத்தார்கள். பத்து ரிப்போர்ட்டுகளிலும் சேர்த்து 49 வெவ்வேறு கண்டுபிடிப்புகள். பத்திலும் பொதுவாக இருந்தது ஒன்றுகூட இல்லை. 2017-இல் இது வெளியானது. அதனால்தான் நல்ல சர்ஜன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு ஃபிலிமையோ சி.டி.யையோ கேட்பார். ரிப்போர்ட்டை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு சி.டி.யைத் தொலைப்பவர்கள் நம்மில் அதிகம்.

நான்காவது படி: தாளையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்துங்கள்

எல்4–எல்5 டிஸ்க் நடுவுக்குச் சற்றுப் பக்கத்தில், அதாவது பாராசென்ட்ரலாகப் பிதுங்கினால், அது அந்த இடத்தைக் கடந்து கீழே இறங்கும் எல்5 வேரைத் தொடும். டிராவர்சிங் என்று எழுதுவது அதையே. அதே டிஸ்க் வெளி ஓரத்தில், ஃபொராமினா என்னும் நரம்பு வெளியேறும் துளைக்குள் பிதுங்கினால், அங்கே வெளியேறும் எல்4 வேரைத் தொடும், அது எக்ஸிட்டிங். எல்5 பாதிக்கப்பட்டால் காலின் வெளிப்பக்கம், பாதத்தின் மேல், கட்டைவிரல். எஸ்1 என்றால் ஆடுசதை, பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல். எல்4 என்றால் முழங்காலும் அதற்குக் கீழே உள்பக்கமும்.

இப்போது மாதிரிக்காரரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இடது காலில், கட்டைவிரல் வரை இறங்கும் வலி என்றால் அந்த இடப்பக்கப் புரோட்ரூஷன் பொருந்துகிறது; பதினொன்றில் அது ஒன்றுதான் கணக்கு. அவருக்கு வலி வலது காலில் என்றால்? அல்லது கால்வலியே இல்லாமல் இடுப்பில் மட்டும் என்றால்? அப்போது அந்தப் பிதுங்கல் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அதை வெட்டி எடுத்தால் வலி போகாது. ரிப்போர்ட்டின் அடியில் ‘கோரிலேட் கிளினிக்கலி’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்களே, அது இதைச் செய்யச் சொல்லித்தான். சம்பிரதாயம் என்று நினைத்து எல்லோரும் தாண்டிப் போகும் வரி அது.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு பொருத்தம் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து, மரத்து, எங்காவது உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகிவிடும். தெருமுனை வரை நடக்க முடியாது, ஆனால் சைக்கிள் ஓட்டுவார். இது கால்வாய்ச் சுருக்கம், அதாவது ஸ்டெனோசிஸ். சும்மா நின்றாலே வலி அடங்கிவிடுகிறது, சர்க்கரையோ புகைப்பழக்கமோ இருக்கிறது என்றால் காலின் ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். பாதத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனில் தெரியாதவை

சாதாரண இடுப்பு எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுப்பது. நின்று குனிந்தால் எலும்பு நகர்கிறதா என்பதை அது காட்டாது. அதற்குக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே வேண்டும். இடுப்பு மூட்டின் தேய்மானம், தசைவலி, எலும்பின் அடர்த்திக் குறைவு ஆகியவையும் அதில் சரியாகத் தெரியாது.

தவறவிடக் கூடாதது ஒன்று: ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகெலும்பு மூட்டு அழற்சி. நாற்பது வயதுக்குள் மெல்லத் தொடங்கும். பின்னிரவில் வலி எழுப்பும். காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு. ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் குறையும். டிஸ்க் வலிக்குப் பெரும்பாலும் நேர் எதிர். சிலருக்குக் கண் சிவந்து வலிப்பதும் உண்டு. இவர்களுக்கு இடுப்பு ஸ்கேனில் ‘லேசான பல்ஜ்’ என்று வந்து, வருடக்கணக்கில் அதற்கே வைத்தியம் நடக்கும். பார்க்க வேண்டியது சாக்ரமும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டின் எம்.ஆர்.ஐ.யும் எச்.எல்.ஏ. பி27 ரத்தப் பரிசோதனையும். போக வேண்டியது ருமட்டாலஜி (மூட்டுவாத) டாக்டரிடம்.

ஐந்தாவது படி: சிகிச்சை

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்றே முதன்முறையாக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனப்பயிற்சி, தேவைக்கு வலிநிவாரணி என்பவற்றை அது ஏற்கிறது. இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, டென்ஸ் என்னும் கரண்ட் கருவி, ஓபியாய்டு (அபின் வகை) மாத்திரை ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள்: பெல்ட் வாங்கச் சொல்வார்கள், பத்து நாள் ‘கரண்ட் வைக்க’ வரச் சொல்வார்கள், சில இடங்களில் படுக்கையில் சேர்த்து எடை கட்டித் தொங்கவிடுவார்கள். வேண்டாம் என்று பட்டியலிட்டதெல்லாம் இங்கே முதல் வரிசையில் நிற்கிறது. கரண்ட் வைக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் பிசியோதெரபிஸ்ட் உங்களை எழுப்பி நிறுத்திப் பயிற்சி சொல்லித் தராமல் கரண்ட் மட்டும் வைத்து அனுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். வெளியே போக முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

படுத்தே கிடப்பது பலன் தராது என்பது 1986-லேயே தெரிந்துவிட்டது. அந்த ஆய்வில் இரண்டு நாள் படுக்கை ஓய்வு எடுத்தவர்கள், ஏழு நாள் எடுத்தவர்களைவிடச் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகும் ‘மூணு வாரம் கட்டிலை விட்டு இறங்காதே’ என்ற அறிவுரை சாகவில்லை.

எந்தப் பயிற்சி? ஒன்றைவிட இன்னொன்று பெரிது என்று நிரூபணம் இல்லை. விடாமல் செய்யக்கூடியதே நல்ல பயிற்சி. குப்புறப் படுத்து மார்பைத் தூக்கினால் கால்வலி மேலே ஏறி இடுப்புக்கு வருகிறது என்றால் அது உங்களுக்கு ஏற்றது. கால்வாய்ச் சுருக்கம் உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது; முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவதும் சைக்கிளும் ஒத்துவரும். எதுவுமே பிடிக்காதவர்கள் நடக்கலாம். வலி வந்து தேறிய 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர நடுமதிப்பாக 208 நாள் ஆனது. நடைத் திட்டம் இல்லாத குழுவுக்கு 112 நாள். இலக்கு வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். அவ்வளவுதான் மருந்து. பயிற்சியின்போது லேசாக வலி கூடி, மறுநாள் பழைய நிலைக்கு வந்தால் பயமில்லை.

‘குனியாதே, தூக்காதே, தரையில் உட்காராதே’ என்ற வாழ்நாள் தடையை நான் ஒப்புக்கொள்வதில்லை. வலி உச்சத்தில் இருக்கும் சில வாரங்களுக்குச் சரி. அதற்குப் பிறகும் தண்ணீர்க் குடத்தைக் கண்டு நடுங்கும் முதுகு, பழக்கம் இல்லாமலே பலவீனமாகிறது. பாதிக் குடத்தில் தொடங்குங்கள்.

மாத்திரைகள் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். திடீர் முதுகுவலிக்குப் பாராசிட்டமால், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலானதல்ல என்று 2014-இல் தெரிந்தது. அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் வகைகள் கொஞ்சம் கேட்கும். சிறுநீரகக் கோளாறு, குடல்புண், ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது. டயாலிசிஸ் வார்டில் முடியும் கதைகளில் வலி மாத்திரைக்கும் பங்கு உண்டு. ‘நரம்பு மாத்திரை’ என்று தரப்படும் பிரிகாபலின் சயாட்டிகாவில் வெற்று மாத்திரையைவிடப் பலன் தரவில்லை என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. தலைச்சுற்றல், தூக்கம், எடை கூடுவது அதன் பக்கவிளைவுகள். ஏற்கெனவே எடுப்பவர்கள் திடீரென நிறுத்தாமல், டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

அடுத்தது ஊசி. நரம்பு உறையை ஒட்டிப் போடும் எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி கால்வலிக்கு உரியது. முதுகோடு நிற்கும் வலிக்கு அல்ல. சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் வலியைத் தணிக்கும். அதற்குள் டிஸ்க் தானாகச் சுருங்க அவகாசம் கிடைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். ரத்தம் உறையாத மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஃபேசெட் மூட்டு வலிக்கு ரேடியோ ஃப்ரீக்வென்சி என்று நரம்பைச் சுடும் முறை உண்டு; முதலில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்த்து, அதில் வலி நன்றாகக் குறைந்தால் மட்டுமே அது. சோதனை ஊசி போடாமல் நேராகச் சுடலாம் என்றால் யோசியுங்கள்.

ஆறாவது படி: ஆபரேஷன் என்று சொன்னால்

ஆபரேஷன் தெளிவாகப் பலன் தருவது மூன்று நிலைகளில். காடா ஈக்வைனா, கூடிக்கொண்டே போகும் கால் பலவீனம், ஆறு வாரத்துக்கு மேலாகியும் தாங்க முடியாத, ஸ்கேனோடு கச்சிதமாகப் பொருந்தும் கால்வலி. மூன்றாவதில் அவசரம் இல்லை. நெதர்லாந்தில் 283 சயாட்டிகா நோயாளிகளைக் கொண்டு நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரண்டு குழுவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்த குழுவிலும் 39 சதவீதம் பேர் அந்த ஓராண்டுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆக, இது வேகத்துக்கும் பொறுமைக்கும் இடையிலான தேர்வு. தினக்கூலிக்குப் போகிறவருக்கு வேகம் முக்கியமாக இருக்கலாம், அதில் தப்பில்லை.

மைக்ரோடிஸ்கெக்டமி என்பது பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பது. எண்டோஸ்கோப் வழியாகச் செய்தால் தழும்பு சிறிது, வீடு திரும்புவதும் சீக்கிரம். அதே இடத்தில் மறுபடி பிதுங்குவது நூற்றில் 5 முதல் 15 பேருக்கு நடக்கலாம். ஸ்டெனோசிஸுக்குச் செய்வது டிகம்ப்ரெஷன், கால்வாயை அகலப்படுத்துவது. நடக்கும் தூரம் கூடும், முதுகுவலி அவ்வளவாக மாறாது.

ஸ்க்ரூ, ராடு வைத்து எலும்புகளை இணைக்கும் ஃபியூஷன்தான் அதிகம் யோசிக்க வேண்டியது. கால்வலி இல்லாமல், எலும்பு நகர்வு இல்லாமல், வெறும் ‘தேய்மான’ முதுகுவலிக்கு அதைச் சொன்னால் கட்டாயம் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். 349 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், தீவிரப் பயிற்சித் திட்டத்தைவிட ஃபியூஷன் தெளிவாக மேல் என்று சொல்ல முடியவில்லை. ஸ்டெனோசிஸில்கூட, டிகம்ப்ரெஷனோடு ஃபியூஷனைச் சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை என்று 2016-இல் ஸ்வீடன் ஆய்வு காட்டியது. எலும்பு உண்மையிலேயே நிலையில்லாமல் நகர்ந்தால், உடைந்திருந்தால், தொற்றோ கட்டியோ அரித்திருந்தால் ஃபியூஷன் தேவை. அங்கே தயங்கக் கூடாது.

சர்ஜனிடம் கேட்க வேண்டியவை:

• ரிப்போர்ட்டில் உள்ளவற்றில் எது என் வலிக்குக் காரணம்? எந்தப் பரிசோதனையில் அது உறுதியானது?
• இந்த ஆபரேஷன் குறைக்கப்போவது கால்வலியையா, முதுகுவலியையா?
• மூன்று மாதம் தள்ளிப்போட்டால் எனக்கு என்ன இழப்பு?
• ஸ்க்ரூ வைக்கப் போகிறீர்களா? வைக்காமல் செய்ய முடியாதா?
• நான் எப்போது வேலைக்குத் திரும்பலாம், எந்த வேலைக்கு?

இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். செலவு கவலை என்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தங்களுக்குச் சொன்ன ஆபரேஷன் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே விசாரிக்கலாம். அட்மிஷன் போடுவதற்கு முன்பே விசாரியுங்கள்; முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

மறுபடி ஸ்கேன் எப்போது?

வலி குறைந்துவிட்டது, ஜவ்வு உள்ளே போய்விட்டதா என்று பார்க்க ஆசையாக இருக்கும். அவசியமில்லை, வலி போன பிறகும் பிதுங்கல் படத்தில் அப்படியே இருப்பதுண்டு, அதைப் பார்த்துப் பயம் திரும்ப வரும். புதிதாகப் பலவீனம், இரண்டாவது படியில் சொன்ன அறிகுறிகள், வலி வேறு காலுக்கோ வேறு இடத்துக்கோ மாறுவது, ஊசிக்கோ ஆபரேஷனுக்கோ திட்டமிடுவது: இவற்றுக்கு எடுக்கலாம். ஏற்கெனவே ஆபரேஷன் செய்தவருக்கு வலி திரும்பினால் கான்ட்ராஸ்ட் மருந்தோடு எடுப்பார்கள். பழைய தழும்புத் திசு மருந்தை உறிஞ்சி வெளுக்கும். புதிதாகப் பிதுங்கிய டிஸ்க் பெரும்பாலும் ஓரத்தில் மட்டும் வெளுத்து நடுவில் கறுப்பாகவே இருக்கும். மருந்து ஏற்றும் முன் கிரியாட்டினின் பார்த்திருக்க வேண்டும். உடம்புக்குள் பேஸ்மேக்கரோ வேறு உலோகமோ இருந்தால் உள்ளே அழைத்துப் போவதற்கு முன்பே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். பழைய சி.டி.யையும் கையோடு கொண்டுபோங்கள், ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.